சாட்சிப் பையன்கள்

1889 ஜூலை 20. அமெரிக்காவின் வயோமிங் பிரதேசம், ஸ்வீட்வாட்டர் ஆற்றுப் பக்கம். ஒரு பையன் மட்டக்குதிரை ஒன்றைப் பிடிக்க அதன் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறான். பெயர் ஜீன் க்ரௌடர், வயது பதினொன்று. எலன் வாட்சன் என்ற பண்ணைக்காரி அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாக வைத்திருந்தாள். அப்போது ஆறு பேர் வருகிறார்கள். எல்லாரும் அக்கம்பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள், பையனுக்கு முகம் தெரிந்தவர்கள். ஒருவர் முள்கம்பி வேலியைப் பிரித்து உள்ளே நின்ற மாடுகளை வெளியே விரட்டுகிறார். வேறு இருவர் எலனை வீட்டுக்குள் போகவிடாமல் மறித்து நிற்கிறார்கள். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பையன் குதிரையேறி முந்திப் போகப் பார்க்கிறான், தடுத்துவிடுகிறார்கள். அன்றே எலனும், பக்கத்தில் கடையும் அஞ்சலகமும் நடத்திவந்த ஜிம் ஆவெரலும் ஒரே மரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அவள் காலிலிருந்து கழன்று விழுந்த மணிவேலை செய்த மொக்காசின் செருப்புகள் மரத்தடியில் கிடந்தன.

செயென் நகரத்துப் பத்திரிகை அவளைக் கன்றுத் திருடி என்றது, நடத்தை கெட்டவள் என்றது, ‘கேட்டில் கேட்’ என்று பட்டப்பெயரும் கட்டியது. அந்தப் பெயரே நூறு ஆண்டுகள் நிலைத்தது. அவளிடம் முறையாகப் பதிந்த நிலக் கோரிக்கையும் பதிந்த மாட்டுச் சூட்டுக்குறியும் இருந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் காகிதங்களைத் தோண்டி எடுத்து நிறுவியது வெகு காலம் கழித்துத்தான். ஆறு பேர் மீதும் வழக்கு எழுந்தது. ஆனால் ஜூரி கூடியபோது சாட்சி சொல்ல ஆளில்லை. அன்று அந்தக் கும்பலைத் துணிந்து பின்தொடர்ந்து அவர்கள்மீது துப்பாக்கியால் சுட்ட ஒருவர் காணாமல் போயிருந்தார். ஆவெரலின் உறவினன் ஒருவன் செத்திருந்தான். ஜீன் க்ரௌடரும் காணாமல் போயிருந்தான். வழக்கு அத்துடன் முடிந்தது.

அதே 1889 கோடையில், அதே வயோமிங்கில், இன்னொரு பையன் பண்ணையின் மரவேலி மேல் உட்கார்ந்து தூரத்தில் வரும் ஒரு குதிரைவீரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் கதைப் பையன். பெயர் பாப் ஸ்டாரெட். ஜாக் ஷேஃபர் 1949இல் வெளியிட்ட ‘ஷேன்’ நாவலைச் சொல்பவன் இவன்தான். இவனும் பெரிய பண்ணைக்காரர்கள் சிறு குடியானவர்களைத் துரத்துவதைப் பார்க்கிறான், கொலையைப் பார்க்கிறான். ஆனால் இவன் பிழைத்து, வளர்ந்து, நிதானமாக உட்கார்ந்து நமக்குச் சொல்கிறான். ஆண்டு ஒத்துப்போனதை ஷேஃபர் தெரிந்து செய்தாரா என்பது என் கேள்வி அல்ல. எல்லைப்புறத்தில் வளர்ந்த பையனைப் பற்றிய வெஸ்டர்ன் நாவல்களை வரிசையாகப் படிக்கும்போது எனக்கு ஒன்று திரும்பத் திரும்பத் தென்படுகிறது. அந்தப் பையன் ‘வளர்கிறான்’ என்பது மேலோட்டம். அவன் எதைப் பார்க்க அனுமதிக்கப்படுகிறான், எதைச் சொல்ல அனுமதிக்கப்படுகிறான் என்பதில்தான் அந்த நாவல்களின் சூட்சுமம் இருக்கிறது.

இதற்குள் போகுமுன் நிலக்கணக்கைப் பார்த்துவிட வேண்டும். நம் ஊர்க் கிராமக் கதைகளில் வாய்க்கால் தகராறு தெரியாமல் பாதி புரியாது, இதுவும் அப்படித்தான்.

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். இருபத்தொரு வயது நிரம்பியவர், அல்லது குடும்பத் தலைவர் எவரும் அரசு நிலத்தில் 160 ஏக்கரைக் கோரலாம். சிறு கட்டணம் கட்டி, அங்கே ஐந்தாண்டு குடியிருந்து, வீடு கட்டிப் பயிர் செய்து காட்டினால் பட்டா கிடைக்கும். கணவன் இல்லாத பெண்ணும் கோரலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். மழை பெய்யும் அயோவா, இல்லினாய் மண்ணை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு இது. மேற்கே போகப் போக வானம் வறண்டுவிடும். போரில் ஒரு கையை இழந்த நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார்: வறண்ட மேற்கில் மேய்ச்சலை நம்பிப் பிழைக்க ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கராவது வேண்டும். யாரும் கேட்கவில்லை.

ஆகவே வயோமிங்கில் 160 ஏக்கர் என்பதற்குப் பொருளே வேறு. அந்த ஏக்கர்களுக்குள் ஓர் ஓடை ஓடினால், சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளிக்கும் அதுவே சாவி. தண்ணீர் இல்லாத புல்லை மாடு மேய முடியாது. பெரிய பண்ணைக்காரர்கள் அரசுப் பொது நிலத்தில் காசு கொடுக்காமல் மேய்த்துவந்தார்கள்; தண்ணீர்க்கரையைப் பிடித்து வைத்திருந்ததுதான் அவர்களுடைய ‘உரிமை’. எலன் வாட்சன் கோரியிருந்த நிலத்தில் ஓடை இருந்தது. ஜோசஃப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி மலிவாகக் கிடைத்ததால், ஒற்றைப் பெண் ஒருத்தி அந்த ஓடையை வளைத்து வேலி போட முடிந்தது. ஜீன் கண்ணெதிரே அந்த ஆறு பேர் முதலில் வேலியைப் பிரித்தார்கள் என்பது தற்செயலான வரிசை அல்ல.

இதோடு 1886-87 குளிர்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி மாடுகளை ஏற்றிய வடக்குச் சமவெளியில் பனி உறைந்து புல்லை மூடியது. மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. பிரிட்டிஷ் பணம் போட்டிருந்த நிறுவனங்கள் கவிழ்ந்தன. தப்பிய பண்ணைக்காரர்களுக்கு ஒவ்வொரு சிறு குடியானவனும் திருடனாகத் தெரிந்தான். 1892 ஏப்ரலில் அவர்கள் டெக்சாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து, தனி ரயிலேற்றி, ஜான்சன் கவுன்டிக்குள் படையெடுத்தே போனார்கள். இரண்டு பேரைக் கொன்றார்கள். ஊர் திரண்டு அவர்களை முற்றுகையிட்டபோது, காப்பாற்ற வந்தது குடியரசுத் தலைவர் ஹாரிசன் உத்தரவின் பேரில் வந்த குதிரைப்படை. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

இந்தச் சண்டையைப் பெரிய பண்ணைக்காரர் பக்கமிருந்து எழுதியதுதான் வெஸ்டர்ன் என்ற வகையைத் தொடங்கிவைத்த ஓவன் விஸ்டரின் ‘தி வெர்ஜீனியன்’, 1902. மாடு திருடியவனைச் சட்டத்தின் துணையின்றித் தூக்கிலிடுவது ஏன் நியாயம் என்று அதில் ஒரு நீதிபதி கதாநாயகிக்குப் பொறுமையாக விளக்குவார். படிக்கும்போது கூசும். 1949இல் ஷேஃபர் பக்கம் மாறி நின்றார். குடியானவன் வீட்டுக்குள் போய், அந்த வீட்டுப் பையன் கையில் கதையைக் கொடுத்தார்.

ஷேஃபர் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் பிறந்தவர், பத்திரிகைக்காரர். வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் தலையங்கம் எழுதும் வேலையின் நடுவே இந்தக் கதையை எழுதினார். ‘ஆர்கோசி’ பத்திரிகையில் 1946இல் மூன்று பகுதிகளாக வந்தது. பிறகு விரிந்து நாவலானது. எழுதியபோது அவர் மேற்கைக் கண்ணால் பார்த்ததில்லை. ஓஹையோவைத் தாண்டி மேற்கே போகாதவர் வயோமிங்கை எழுதியதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. நிலக்காட்சி குறைவு என்பதாலேயே இந்தச் சின்ன நாவல் கருவிகளையும் கைகளையும் உற்றுப் பார்க்கிறது.

ஒரு காட்சி. பாப் பார்த்த அந்தக் குதிரைவீரன் ஷேன் அவர்கள் பண்ணைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. லெட்யார்ட் என்ற வியாபாரி வண்டியில் புதிய உழவுக் கருவி ஒன்றைக் கொண்டுவருகிறான். பாப்பின் அப்பா ஜோவுக்கு அதன் மேல் ஆசை. விலை 110 டாலர் என்கிறான். அதுவரை பேசாமலிருந்த ஷேன், செயென் கடையில் அதே கருவி 60 டாலர் என்று ஒரே வரியில் சொல்கிறான். வியாபாரி பாய்கிறான்: ஊர் பேர் தெரியாத நாடோடியை நம்புவாயா, என்னை நம்புவாயா? ஜோ நாடோடியை நம்புகிறார். வண்டிக்கூலியைச் சேர்த்துத் தானே ஒரு விலை சொல்லி வாங்குகிறார். வியாபாரி போனபிறகு ஷேன் ஒன்றும் பேசாமல் கோடரியை எடுத்துக்கொண்டு, தொழுவத்தின் பின்புறம் ஜோவை ஆண்டுக்கணக்காகத் தொல்லைப்படுத்திவந்த பெரிய அடிமரத்தை வெட்டத் தொடங்குகிறான். பட்ட கடனை அவன் தீர்க்கும் விதம் அது. ஜோவும் இன்னொரு கோடரியோடு போய்ச் சேர்கிறார். இருவரும் மாறி மாறி வேரை வெட்டுகிறார்கள். உள்ளே அம்மா மேரியன் அடுப்பில் வைத்த ஆப்பிள் பை கருகுகிறது, இவர்களை வேடிக்கை பார்த்ததில் அவளுக்கு மறந்துவிட்டது.

இந்த அத்தியாயத்தில் ஒரு குண்டு வெடிப்பதில்லை. ஆனால் நாவல் மொத்தமும் இங்கே இருக்கிறது. பையன் பார்ப்பது கோடரி வீச்சை, வியர்வையை, அப்பாவின் முகத்தில் வந்த சிரிப்பை. அம்மா பை கருகியதற்காக ஏன் அவ்வளவு கலங்குகிறாள், இரண்டாவது பையை ஏன் அத்தனை பிடிவாதமாகச் சுடுகிறாள் என்பதை அவன் சொல்கிறான், ஆனால் அவனுக்குப் புரியவில்லை. வாசகனுக்குப் புரிகிறது. மேரியனுக்கும் ஷேனுக்கும் நடுவே இருப்பதையும், அது ஜோவுக்குத் தெரியும் என்பதையும், மூவருமே அதைக் கண்ணியமாகக் கடந்துபோவதையும் பையனின் அறியாமை ஒரு திரைச்சீலைபோல மறைத்துக் காட்டுகிறது. பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தால் இது சாதாரண முக்கோணக் காதல் கதையாகப் போயிருக்கும்.

திரைச்சீலை வேறு சிலவற்றையும் மறைக்கிறது. எதிராளியான பெரிய பண்ணைக்காரர் ஃபிளெட்சர் ஏன் திடீரென்று முழுப் பள்ளத்தாக்கும் தனக்கு வேண்டும் என்கிறார்? போகிற போக்கில் பாப் சொல்லிவிடுகிறான். ஃபிளெட்சருக்கு மாட்டிறைச்சி ஒப்பந்தம் கிடைத்துவிட்டது. யாருக்குக் கொடுக்க? ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கிடத்தில் இருக்கும் சூ பழங்குடி மக்களுக்கு, அரசு ஏஜென்ட் மூலமாக. நாவலில் பூர்வகுடிகளைப் பற்றி இதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பள்ளத்தாக்கில் ஓடும் ரத்தத்துக்கெல்லாம் மூலகாரணம் ஓர் அரசு ஒப்பந்தம் என்பது அந்த இடத்தில் மின்னி மறைகிறது. நான் முதல்முறை படித்தபோது அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பையன் தாண்டிப்போனதால் நானும் தாண்டிப்போனேன்.

இப்போது அந்த வரியில் நின்று பார்ப்போம். எருமை மந்தைகளைத் துரத்தி வாழ்ந்த மக்கள் ஏன் ஃபிளெட்சரின் மாட்டிறைச்சிக்குக் காத்திருந்தார்கள்? எருமைகள் சுட்டுத் தீர்க்கப்பட்டிருந்தன. ஒப்பந்தப்படி நிலத்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக அரசு தரவேண்டியது அந்தப் படியரிசி மாதிரியான இறைச்சி. கதை நடக்கும் அதே 1889இல், மார்ச்சில், அமெரிக்கக் காங்கிரஸ் பெரும் சூ ஒதுக்கிடத்தைத் துண்டுகளாக உடைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குச் சூ ஆண்களின் கையெழுத்து வாங்க ஜெனரல் க்ரூக் இடம்பெற்ற ஒரு குழு அந்தக் கோடை முழுவதும் முகாம் முகாமாகப் போனது. ஸ்டாண்டிங் ராக்குக்கும் வந்தது. சுமார் 90 லட்சம் ஏக்கர் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. கையெழுத்து வாங்கிய கையோடு இறைச்சிப் படியும் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 15 அன்று ஸ்டாண்டிங் ராக்கில் சூ தலைவர் சிட்டிங் புல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஷேன் பாப்பின் பள்ளத்தாக்கைக் காப்பாற்றினான் என்பது உண்மை. அந்தப் பள்ளத்தாக்கு பாப்பின் அப்பாவுக்கு எப்படிக் கிடைத்தது என்பதைக் கேட்கும் வயது பாப்புக்கு வருவதே இல்லை. கதை சொல்லும்போது அவன் பெரியவன்தான். ஆனால் அந்தக் கோடையின் வயதிலேயே நின்று சொல்கிறான். சிறுவன் குரலின் வசதி இது. பொய் சொல்லாமலே பாதியை விட்டுவிடலாம்.

1953இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்த படம்தான் பலருக்குத் தெரியும். அதில் பையன் பெயர் ஜோயி, வயதும் குறைவு. போகும் குதிரைக்காரனைத் திரும்பி வரச் சொல்லி அவன் கூவுவதோடு படம் முடிகிறது. நாவல் அங்கே நிற்பதில்லை. ஷேன் போனபின் ஜோ மனமுடைந்து, எல்லாவற்றையும் விட்டு வேறிடம் போய்விடலாம் என்கிறார். மேரியன் அவரை வெளியே கூட்டிக்கொண்டுபோய், ஷேன் நட்ட வேலிக்கம்பத்தைப் பிடுங்கிப் பார் என்கிறாள். அவர் முழு பலத்தோடு அசைக்கிறார். அது அசையவில்லை. தங்கிவிடுகிறார்கள். படத்தின் கூவல் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் எனக்கு இந்தக் கம்பம்தான் பெரிதாகப் படுகிறது. சுட்டுக் கொன்றதை விட, ஆழமாக நட்டதுதான் அந்த வீட்டில் மிஞ்சுகிறது.

தமிழில் வெஸ்டர்னை வாசித்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வழியாக வந்தவர்கள். இத்தாலியின் டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சு புளூபெர்ரியைப் பெயர் மாற்றிய கேப்டன் டைகரும் நமக்கு அரிசோனாவைக் காட்டினார்கள். அந்தக் கதைகளின் நடுவில் நிற்பவர்கள் பெரியவர்கள். கதைக்குள் பையனுக்கு வேலை இல்லை, வாசிப்பவனே பையன் என்பதால். ‘ஷேன்’ செய்தது அந்த வாசகனைத் தூக்கி வேலி மேல் உட்கார வைத்தது.

பாப் பார்வையாளன். அவன் விரலை யாரும் துப்பாக்கி விசையில் வைக்கச் சொல்லவில்லை. டெக்சாஸ்காரர் ஃபிரெட் கிப்சன் 1956இல் எழுதிய ‘ஓல்ட் யெல்லர்’ நாவலின் டிராவிஸுக்கு அந்தச் சலுகை இல்லை.

1860களின் பிற்பகுதி, டெக்சாஸ் குன்றுப்பகுதி. மாட்டை விற்றுக் காசு பார்க்க டிராவிஸின் அப்பா மற்றவர்களோடு மந்தையை ஓட்டிக்கொண்டு கான்சாஸின் ஆபிலீன் ரயிலடிக்குப் போகிறார். மாதக்கணக்கில் வரமாட்டார். பதினான்கு வயது டிராவிஸ்தான் வீட்டு ஆண்பிள்ளை. உழவு, மான் வேட்டை, பன்றிக்குக் குறி போடுதல், தம்பி ஆர்லிஸைச் சமாளித்தல் எல்லாம் அவன் தலையில். இறைச்சி திருடித் தின்றுகொண்டு வந்து ஒட்டிக்கொண்ட ஒரு மஞ்சள் நாய், முதலில் எரிச்சலாகி, பிறகு உயிராகிறது. நாயின் சொந்தக்காரன் ஒரு நாள் தேடி வருகிறான். ஆர்லிஸிடமிருக்கும் கொம்புப் பல்லிக்கும் ஒரு வேளை வீட்டுச் சாப்பாட்டுக்கும் மாற்றாக நாயை விட்டுவிட்டுப் போகிறான். வெஸ்டர்ன் இலக்கியத்திலேயே மிக அழகான பண்டமாற்று அது என்பேன். எல்லைப்புறத்தில் ஆண்மை என்று பீற்றிக்கொள்வதற்கு அப்பால், இப்படி ஒரு பெருந்தன்மையும் இருந்தது.

பிறகு வெறிநோய் அந்தப் பகுதியில் பரவுகிறது. இரவில் வெறிபிடித்த ஓநாய் அம்மாவைத் தாக்க வர, நாய் அதோடு கட்டிப்புரண்டு மடக்குகிறது. டிராவிஸ் ஓநாயைச் சுடுகிறான். நாயின் உடம்பெல்லாம் கடி. பாஸ்டர் முதல் மனிதனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டது 1885இல். இந்தக் கதைக்கு அது பல ஆண்டுகள் தள்ளி. அம்மா தானே செய்கிறேன் என்கிறாள். டிராவிஸ் மறுக்கிறான். துப்பாக்கியில் மறுபடி மருந்து நிரப்பி, அந்த இரவே, அங்கேயே நாயைச் சுடுகிறான். 1957இல் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாக எடுத்தபோது நாயைக் கூண்டில் அடைத்து, நோய்க்குறி வரும்வரை காத்திருந்து, பிறகே சுட வைத்தார்கள். குழந்தைகள் படம் என்பதால் வெறி கண்ணுக்குத் தெரிய வேண்டும், சுடுவதற்குச் சான்று வேண்டும் என்று நினைத்திருக்கலாம். நாவலில் சான்று கிடையாது. தன்னைக் காப்பாற்றிய, இன்னும் சுயநினைவோடு வாலாட்டக்கூடிய நாயைத்தான் பையன் சுடுகிறான். வித்தியாசம் மலையளவு.

கிப்சனின் இன்னொரு சாமர்த்தியம்: டிராவிஸ் நாயைக் கொன்றதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறான். முடிவைத் தெரிந்துகொண்டே படிக்கிறோம். ஒப்புதல் வாக்குமூலம்போல அந்தக் கதை நகர்கிறது. பாப் பிறர் செய்ததற்குச் சாட்சி. டிராவிஸ் தன் செயலுக்குத் தானே சாட்சி.

இந்த இடத்தில் இன்னொரு பையனின் நாய் என் நினைவுக்கு வராமல் போகாது. அவன் கதைப் பையன் அல்ல. சார்லஸ் ஈஸ்ட்மன், 1858இல் மின்னசோட்டாவில் பிறந்த டகோட்டா இனத்தவர். 1902இல் தம் சிறுவயதை ‘இண்டியன் பாய்ஹுட்’ என்ற நூலாக எழுதினார். ‘தி வெர்ஜீனியன்’ வெளியான அதே ஆண்டு. சிறுவயதில் அவருக்குப் பெயர் ஹகதா. பாட்டி வளர்த்த பிள்ளை. எட்டு வயதில் பாட்டி அவனைக் கூப்பிட்டு, பேராற்றலுக்கு நீ முதல் காணிக்கை செலுத்த வேண்டும் என்கிறாள். எது என்றாலும் தருகிறேன் என்கிறான் பையன். தன்னிடமிருக்கும் பொருள்களை அடுக்கிப் பார்க்கிறான். உனக்கு எது மிகப் பிரியமோ அதைத்தான் தர வேண்டும் என்று அவள் விடாமல் கேட்கக் கேட்க, மெல்ல அவனுக்கு உறைக்கிறது. அவனுடைய நாய் ஒஹிதிகா. வீரன் அழக்கூடாது. நாயிடம் விடைபெற்றுவிட்டு அவன் நிற்கிறான்.

ஒன்றில் நோய், மற்றதில் நோன்பு. இரண்டிலும் பையனிடம் பிரியமானதைப் பறித்துத்தான் பெரியவனாக்குகிறார்கள். ஆனால் டிராவிஸுக்கு நிர்ப்பந்தம் வெளியிலிருந்து, நோயாக, விதியாக வருகிறது. ஹகதாவிடம் ஒரு கிழவி அன்பாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். அவனே ‘சரி’ என்று சொல்லும்வரை காத்திருக்கிறாள். எல்லையின் குடியேறிகள் பக்கத்திலிருந்து எழுதிய எந்த நாவலிலும் இப்படியொரு உரையாடலை நான் படித்ததில்லை.

ஹகதாவின் மீதிக் கதையும் நிலக்கதைதான். ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த அதே 1862இல், வாக்களித்த பணமும் உணவும் வராமல் பட்டினி கிடந்த டகோட்டாக்கள் எழுந்தார்கள். போர் ஆறு வாரத்தில் ஒடுக்கப்பட்டது. 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. லிங்கன் பட்டியலைக் குறைத்தார். டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ ஊரில் 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தன் அப்பாவும் செத்துவிட்டார் என்று நம்பியே ஹகதா கனடாவில் பாட்டியோடு வளர்ந்தான். பதினைந்து வயதில் அப்பா திரும்பி வந்து நிற்கிறார். அவர் சாகவில்லை, சிறையில் இருந்திருக்கிறார். கிறித்தவராகி, ஃபிளாண்ட்ரோ என்ற இடத்தில் ஹோம்ஸ்டெட் நிலம் எடுத்து உழுதுகொண்டிருக்கிறார். தன் இனத்தின் பூமியில், தன் மக்களை ஒடுக்கிய ஆண்டின் சட்டப்படி, மனுப் போட்டுப் பெற்ற 160 ஏக்கர் கணக்கு. பையனைக் கூட்டிக்கொண்டு போகிறார். ‘இண்டியன் பாய்ஹுட்’ அங்கே முடிகிறது. பையன் பிறகு டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, மருத்துவராகி, 1890 டிசம்பரில் வூண்டட் நீயில் சூ மக்கள் படுகொலை செய்யப்பட்டபோது பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தில் அரசு மருத்துவராக இருந்தார். உயிர் பிழைத்தவர்களுக்கு மருந்து போட்டவர் அவர்.

ஆக, எல்லைப்புறப் பையனுக்குக் குரல் கொடுத்தால் அவன் எந்தப் பக்கத்துப் பையன் என்பதைப் பொறுத்துக் கதை தலைகீழாகிறது. பையனுக்குக் குரலே கொடுக்காவிட்டால்? கார்மக் மெக்கார்த்தி 1985இல் ‘பிளட் மெரிடியன்’ நாவலில் அதைத்தான் செய்தார்.

அந்தப் பையனுக்குப் பெயர்கூட இல்லை. ‘அந்தப் பொடியன்’ என்பதோடு சரி. 1833இல் டென்னசியில் பிறந்து, பதினான்கு வயதில் வீட்டை விட்டு ஓடுகிறான். மெக்சிகோவின் சிவாவா மாநில அரசு பழங்குடியினரின் தலைத்தோலுக்குப் பணம் கொடுத்துவந்த 1849-50 காலம். ஜான் கிளான்டன் தலைமையில் தோலுரிக்கும் கும்பலில் சேர்கிறான். கிளான்டன் கும்பல் வரலாற்றில் உண்மையாக இருந்தது. அதில் இருந்ததாகச் சொல்லும் சாமுவேல் சேம்பர்லின் என்ற போர்வீரரின் நினைவுக்குறிப்பு 1956இல் அச்சேறியது. மெக்கார்த்தி அதிலிருந்துதான் ஜட்ஜ் ஹோல்டன் என்ற பயங்கர மனிதரை எடுத்தார்.

முக்கியம் இது: பொடியனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜட்ஜுக்கோ ஓயாத எழுத்து. கண்ட பறவையை, பாறை ஓவியத்தை, பழைய பானையை, எதிர்ப்படும் எதையும் தம் குறிப்பேட்டில் நுணுக்கமாக வரைந்துகொள்கிறார். வரைந்து முடித்ததும் சில அசல்களை அழித்துவிடுகிறார். இனி அது இருப்பது அவர் புத்தகத்தில் மட்டும். கொலைகளை நாவல் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது, ஆனால் பொடியனின் மனத்துக்குள் நாம் நுழைவதே கிடையாது. பிற்பாடு அவன் ஒரு பைபிளைச் சுமந்து திரிகிறான், வாசிக்கத் தெரியாமலே. சாட்சி இருக்கிறான், சாட்சியம் இல்லை. எழுதுகோல் கொலைகாரன் கையில். இதைப் படித்தபிறகு ‘ஷேன்’ பக்கம் திரும்பினால் பாப்பின் குரலில் இருந்த இதம் கொஞ்சம் சந்தேகமாகப் படும். பாப்பைக் குறை சொல்ல இல்லை. ஆனால் அவனைப் பேச விட்டவர்கள் யார் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடும்.

சார்ல்ஸ் போர்ட்டிஸின் ‘ட்ரூ கிரிட்’ நாவலில் பதினான்கு வயது மேட்டி ராஸ் என்ற பெண், கிழவியானபின் பாப்பைப் போலவே தான் கண்டதைச் சொல்கிறாள். அவளுக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை; வக்கீல் பெயரைச் சொல்லியே ஆண்களை மிரட்டுகிறாள். ஆனால் பெண் குரல் தனிக் கட்டுரைக்கு உரியது.

ஜீன் க்ரௌடரிடம் திரும்புகிறேன். அவன் காணாமல் போவதற்கு முன் நடந்ததைச் சொல்லியிருந்தான். அது அக்காலப் பத்திரிகையில் சில வரிகளாக வந்தது. அலங்காரம் இல்லாத வரிகள். யார் வேலியைப் பிரித்தது, யார் மறித்து நின்றது, யார் தன்னைத் தடுத்தது என்று பெயர் பெயராகச் சொல்கிறான். நடுவில் ஒன்று சொல்கிறான். ராலின்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று அந்த ஆறு பேரும் எலனிடம் சொன்னார்கள். ஊருக்கென்றால் வீட்டுக்குள் போய் உடை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவள் கேட்டாள். அவர்கள் விடவில்லை.